எழுந்தோர் இருபது, அமர்ந்தோர் ஒருவர்

எங்கள் நகர மன்றத்தில் நடந்த கூத்துக்கு யார் காரணம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சிலர் தலைவரைக் கை காட்டுகிறார்கள், சிலர் சட்ட ஆலோசகரை. இரண்டு பேரும் லேசுப்பட்டவர்கள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடங்கி வைத்தவன் நான். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. யாராவது சட்டையைப் பிடித்துக் கேட்டால் தேவலை என்று இருக்கிறது. கேட்க ஆள் இல்லாததால் நானே எழுதுகிறேன்.

நான் மன்றத்தின் குறிப்பாளர். உறுப்பினர்கள் பேசுவதை எழுத வேண்டும், வாக்கெடுப்பில் தலைகளை எண்ண வேண்டும், எண்ணியதைப் படிவத்தில் நிரப்ப வேண்டும். இருபத்தாறு வருடமாக இதே பிழைப்பு. "இத்தனை வருஷமா அவங்க பேசினதுல ஒரு வார்த்தையாவது வீட்டுக்கு ஆகுமா?" என்று என் மனைவி கேட்பாள். ஒரு வார்த்தையும் ஆகாது என்பதால் நான் பதில் சொல்வதில்லை.

மன்றத்தில் வாக்களிப்பதற்கு விதி பதினான்கு என்று ஒன்று இருக்கிறது. தீர்மானத்தை ஆதரிப்போர் எழுந்து நிற்பர், எதிர்ப்போர் அமர்ந்திருப்பர், நடுநிலை வகிப்போர் மண்டபத்தை விட்டு வெளியேறுவர். இவ்வளவுதான் விதி. தேநீர் நேரம் நெருங்கினால் நடுநிலையாளர்கள் பெருகுவார்கள் என்பதைத் தவிர, இந்த விதியால் யாருக்கும் எந்தச் சிக்கலும் வந்ததில்லை. தையலக்கா தேர்தலில் ஜெயித்து வரும்வரை.

தையலக்கா என்பது ஊர் வைத்த பெயர். நகரத்தின் கடைசி வட்டத்தில் தையல்கடை வைத்திருப்பவர். சிறு வயதிலிருந்தே நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். அந்த வட்டத்தில் இரண்டு அறை கொண்ட ஒரு மருத்துவ நிலையம் இருக்கிறது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், மருந்து கொடுக்கும் ஜன்னல் ஒன்று. அதை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மூடினால் அந்தப் பக்கத்து ஜனங்கள் காய்ச்சலோடு இரண்டு பஸ் மாற வேண்டும். "அதை மூட விடமாட்டேன்" என்று ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்துத்தான் அவர் நின்றார். மற்ற வேட்பாளர்கள் நாற்பது வாக்குறுதி கொடுத்துத் தோற்றார்கள்.

அவர் வருகிறார் என்றதும் மன்றம் அல்லோலகல்லோலப்பட்டது. அவரை எப்படி அழைப்பது என்று ஐந்து சுற்றறிக்கை வந்தது. கடைசியில் "மாண்புமிகு மாற்றுத்திறனாளி உறுப்பினர்" என்று பெயர்ப்பலகை செய்தார்கள். பலகை நீளமாகிவிட்டதால் அவர் மேஜையில் தண்ணீர்க் குவளை வைக்க இடம் இல்லை. வாசலில் சாய்தளம் கட்டினார்கள். அது ஜோராகக் கீழிருந்து கிளம்பிப் போய், கதவுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டது. அந்த ஓரடிக்கு ஒரு படி. "முழுக்கச் சரிவா போட்டா கட்டடத்தோட கம்பீரம் போயிடும் சார்" என்றார் பொறியாளர்.

முதல் கூட்டத்தில் தலைவர் வரவேற்றுப் பேசினார். வரிக்கு வரி எழுதினேன், இன்னமும் என்னிடம் இருக்கிறது. "இவங்க யார் கையையும் காலையும் பிடிக்காம, சொந்தக் கால்ல நின்னு ஜெயிச்சு, இன்னைக்கு இந்த மன்றத்துல காலடி எடுத்து வச்சிருக்காங்க. இனி நாம எல்லாரும் இவங்க காலடித் தடத்துல நடக்கணும்" என்றார். செயலாளர் அவசரமாக ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். தலைவர் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "நான் கால்னு சொன்னதெல்லாம் மனசைக் குறிக்கும். இவங்களை மாதிரி ஆளுங்களைப் பார்த்தா எனக்கு அழுகை வந்துடும். அந்த அழுகையை இந்த மன்றத்துக்கே அர்ப்பணிக்கிறேன்." பலத்த கைதட்டல். தையலக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது என் இடத்திலிருந்து தெரிந்தது. படிவத்தில் சிரிப்புக்கு இடம் இல்லாததால் எழுதவில்லை.

பிறகு அவரை வரவேற்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். தையலக்கா கையைத் தூக்கினார்.

"கையைத் தூக்கினா பேச அனுமதி கேக்கறதா அர்த்தம்மா," என்றார் தலைவர். "இப்ப பேச்சு இல்ல, ஓட்டு. கையை இறக்குங்க."

அவர் இறக்கினார். நான் எண்ணினேன். நின்றவர்கள் இருபது. என் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: எழுந்தோர், அமர்ந்தோர். கூட்டினால் இருபத்தொன்று வரவேண்டும். அன்று நான் முதல் கட்டத்தில் இருபத்தொன்று என்று எழுதியிருந்தால் ஒரு குருவியும் கேட்டிருக்காது. ஆனால் எனக்கு ஒரு கொழுப்பு. கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுபவன் என்று எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பட்டம். எழுந்தோர் இருபது, அமர்ந்தோர் ஒருவர் என்று எழுதினேன். தலைவர் அதை வாங்கி, "ஒருவர் எதிர்ப்புடன் நிறைவேறியது" என்று வாசித்தார். தன்னை வரவேற்பதைத் தானே எதிர்த்த முதல் உறுப்பினர் என்ற பெருமை தையலக்காவுக்குக் கிடைத்தது.

கூட்டம் முடிந்து அவர் என் மேஜைக்கு வந்தார். "என்னண்ணா, நான் வந்தது எனக்கே பிடிக்கலைன்னு எழுதிட்டீங்களாமே?"

"விதிம்மா. படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு."

"மூணாவதா ஒரு கோடு இழுக்கக்கூடாதா? நான் துணியில போடாத கோடா?" சிரித்தார். "சரி போகட்டும், அடுத்த தடவை பார்த்து எழுதுங்க."

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அடுத்த தடவை முன்னாள் தலைவர் ஒருவர் காலமானதற்கு இரங்கல் தீர்மானம். எழுந்தோர் இருபது, அமர்ந்தோர் ஒருவர். போன கூட்டத்தில் ஒரு மாதிரி எழுதிவிட்டு இந்தக் கூட்டத்தில் வேறு மாதிரி எழுதினால் எது சரி என்று கேட்பார்களே என்ற பயம். இரங்கலை எதிர்த்த பெண்மணி என்று பத்திரிகைக்காரன் எழுதினான். தையலக்கா துடித்துப்போய், செத்தவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அந்த வீட்டு அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "மத்த இருபது பேரும் எந்திரிச்சு நின்னு சம்மதம்னு சொல்லிட்டாங்க. அவர் போனதுக்கு எதிர்ப்புத் தெரிவிச்சது நீ ஒருத்திதான் தாயி" என்று அழுதாராம்.

விஷயம் கையை மீறியதும் மன்றம் தன் வழக்கப்படி ஒரு குழு போட்டது. பெயர் அமர்வு நிலை ஆய்வுக் குழு. குழு மூன்றாம் மாடியில் கூடியது. கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அதனால் தையலக்கா தன்னைப் பற்றிய குழுவுக்கு நாலு தடவையும் வராதவராகப் பதிவானார். பதிந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆறு வாரம் கழித்துச் சட்ட ஆலோசகர் அறிக்கை வாசித்தார். "சட்டத்தின் முன்னாடி எல்லாரும் சமம். நிக்கறவங்க சமமா நிக்கணும், உக்கார்றவங்க சமமா உக்காரணும். இந்த உறுப்பினர் தீர்மானம் வர்றதுக்கு முன்னாடியே உக்காந்திருக்காங்க. அப்படின்னா என்ன அர்த்தம்? விஷயம் என்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே எதிர்க்கிறாங்கன்னு அர்த்தம். இது நான் சொல்லலை. நம்ம குறிப்பாளரே ரெண்டு கூட்டத்துல அப்படித்தான் பதிவு பண்ணியிருக்கார். அதுதான் முன்னுதாரணம்." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தாறு வருடத்தில் என்னை மேற்கோள் காட்டியது அன்றுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. இதில் ஒரு ஓரத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைத்தால் இதை எழுதிப் பிரயோஜனம் இல்லை.

"கை தூக்கினா எண்ணிட்டுப் போக வேண்டியதுதானே? இதுக்கு எதுக்கு ஆறு வாரம்?" என்று கேட்டார் தையலக்கா.

"அப்புறம் எல்லாரும் கையைத் தூக்க ஆரம்பிச்சுடுவாங்க. மன்றத்தோட மரியாதை என்ன ஆறது?" என்றார் செயலாளர்.

குழுவின் பரிந்துரை இதுதான்: வாக்கெடுப்பின்போது உறுப்பினரை நாற்காலியோடு தூக்கி நிறுத்த இரண்டு பேரை நியமிக்க வேண்டும். பதவியின் பெயர் எழுப்புநர். தோட்ட வேலையிலிருந்து இரண்டு பேரை மாற்றினார்கள். இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. அதனால் தூக்கும்போதெல்லாம் நாற்காலி குட்டையர் பக்கம் சாய்ந்தது. முதல் நாளே ஒரு உறுப்பினர் ஆட்சேபம் எழுப்பினார்: எழுந்தது நாற்காலியா, உறுப்பினரா? இன்னொருவர் கேட்டார்: தூக்குகிற இரண்டு பேரும் நிற்கிறார்களே, அவர்களையும் சேர்த்து எண்ணுவீர்களா? அரை நாள் விவாதம் ஓடியது. அவ்வளவு நேரமும் தையலக்காவை இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. "ஐயா, பேசி முடிக்கிறவரைக்கும் என்னைக் கீழ வைங்க. இவருக்கு இடுப்பு வலி" என்று அவரே குட்டையருக்காகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

உண்மையான வில்லங்கம் பிறகுதான் தெரிந்தது. வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்டதும் எழுப்புநர்கள் உறுப்பினரை எழுப்புவர் என்று ஆணையில் இருந்தது. உறுப்பினரைக் கேட்டுவிட்டு என்று இல்லை. அதனால் எல்லாவற்றையும் எதிர்த்துக்கொண்டிருந்த தையலக்கா இப்போது எல்லாவற்றையும் ஆதரிக்கத் தொடங்கினார். மண்டபத்தில் தலைவரின் ஆளுயரப் படம் மாட்டுவதை ஆதரித்தார். தலைவருடைய படத்துக்கு எதிரே செயலாளரின் படம் மாட்டுவதையும் ஆதரித்தார். "இறக்குங்க, இறக்குங்க, எனக்கு இது வேணாம்" என்று அவர் அந்தரத்தில் கத்துவார். "வாக்கெடுப்பு நேரத்துல பேசக்கூடாதும்மா" என்பார் தலைவர், கனிவாக.

தையலக்கா எழுப்புநர்களோடு தனியாகப் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். அவர் தலையை அசைத்தால் தூக்குவது, இல்லையென்றால் சும்மா நிற்பது. இரண்டு கூட்டம் அழகாக நடந்தது. மூன்றாவது கூட்டத்துக்கு முன்னால் இருவருக்கும் மெமோ வந்தது. உறுப்பினரின் வாக்கு விஷயத்தில் ஊழியர்கள் சொந்தமாக முடிவெடுப்பது ஒழுங்கீனமாம். மெமோவைத் தட்டச்சு செய்தவனும் நான்தான்.

அந்த மூன்றாவது கூட்டத்தில்தான் மருத்துவ நிலையத் தீர்மானம் வந்தது. "எல்லாச் சேவையும் ஒரே கூரைக்குக் கீழ" என்று தலைவர் முழங்கினார். கடைசி வட்டத்து மருத்துவ நிலையத்தை மூடிவிட்டு மன்றக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் கொண்டு வரவேண்டுமாம். காலியாகும் இடத்தில் உறுப்பினர்கள் கார் நிறுத்தலாமாம். "நோயாளிங்க மூணு மாடி ஏறி வந்தா உடம்புக்கு நல்லதுதானே? பாதி வியாதி படியிலேயே குணமாயிடும்" என்றார்.

தையலக்கா பேசினார். தன் கடைக்கு எதிரே காலையிலேயே சீட்டுக்கு வரிசை நிற்பவர்களைப் பற்றிச் சொன்னார். கர்ப்பிணிகள், பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருபவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள். யாரையும் திட்டவில்லை. "நான் இங்க வந்ததே இந்த ஒண்ணுக்காகத்தான். எனக்கு வேற எதுவும் வேணாம்" என்று முடித்தார். மீசைக்கார உறுப்பினர் ஒருவர், தலைவரின் ஆளே, எழப்போவதில்லை என்பதுபோல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

வாக்கெடுப்பு. பத்துப் பேர் எழுந்தார்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் தையலக்கா.

அவர் இரண்டு கையாலும் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்ணா, தூக்காதீங்க. கால்ல வேணாலும் விழறேன்."

"மன்னிச்சுடுங்கம்மா. மெமோ குடுத்திருக்காங்க," என்றார் நெட்டையர். கண்ணைத் துடைத்துக்கொண்டே தூக்கினார். மேஜையும் சேர்ந்து கொஞ்சம் எழும்பியது. நீளமான பெயர்ப்பலகை கீழே விழுந்தது. "நான் எதிர்க்கிறேன், எதிர்க்கிறேன்" என்று அவர் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

"சொல்றது கணக்கு இல்ல, நிக்கறதுதான் கணக்கு," என்றார் சட்ட ஆலோசகர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுதினேன்: எழுந்தோர் பதினொன்று, அமர்ந்தோர் பத்து.

மறுநாள் தையலக்கா விதிப்புத்தகத்தோடு என் மேஜைக்கு வந்தார். முழுக்கப் படித்திருந்தார், மன்றத்தில் அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். "விதி முப்பத்தொண்ணு பாருங்க. போன கூட்டக் குறிப்பை ஏத்துக்கறதுக்கு முன்னாடி, எண்ணினதுல தப்புன்னு குறிப்பாளர் தானே சொன்னா அது திருத்தம் ஆயிடும். வேற யார் சம்மதமும் வேணாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ணா. பத்து, பதினொண்ணு. தீர்மானம் விழுந்துடும்."

"சொல்றேம்மா," என்றேன். இந்தத் தடவை தலையாட்டலோடு நிறுத்தவில்லை. "கண்டிப்பா சொல்றேன்" என்று வாய்விட்டே சொன்னேன்.

வீட்டில் மனைவியிடமும் சொன்னேன். "சொல்லுங்க, இதுகூடச் சொல்லாம என்ன?" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ரிடையர் ஆக நாலு மாசம்தானே இருக்கு, என்ன பண்ணிடுவாங்க?" என்றாள். அதுவரை அவர்கள் ஏதாவது பண்ணக்கூடும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. அவள் தைரியம் சொல்லத்தான் சொன்னாள். நான் அதிலிருந்து பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கூட்ட நாளில் தலைவர் சம்பிரதாயமாகக் கேட்டார். "போன கூட்டக் குறிப்புல திருத்தம் ஏதாவது உண்டா?" நான் வாய் திறக்க வேண்டிய இடம் அதுதான். தையலக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தக் குறிப்பு எழுதிய தாள் என் சட்டைப் பையில் நாலாக மடித்து இருந்தது. தலைவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "நம்ம குறிப்பாளர் எண்ணிக்கையில என்னைக்காவது தப்பு வந்திருக்கா? மனுஷன் தங்கம். அடுத்த மாசம் இவருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கப் போறோம்." எல்லோரும் கை தட்டினார்கள். நான் குனிந்து கும்பிடு போட்டேன். கைதட்டல் ஓய்வதற்குள் குறிப்பு ஏற்கப்பட்டுவிட்டது.

பாராட்டு விழாத் தீர்மானமும் அன்றே வந்தது. எழுப்புநர்கள் தையலக்காவைத் தூக்கினார்கள். இந்தத் தடவை அவர் கத்தவில்லை. எழுந்தோர் இருபத்தொன்று என்று எழுதினேன். இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒருமனதான ஆதரவு அது ஒன்றுதான்.

விழா முடிந்த மறுவாரம் அவர் கடைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "உண்மையில ஊனம் எனக்குத்தாம்மா. உங்களுக்கு இல்ல. எந்திரிச்சு நிக்கக் காலு இல்லாமப் போனது எனக்குத்தான்."

மிஷின் நின்றது.

"உங்க பயத்துக்கு எதுக்குண்ணா என் காலை இழுக்கறீங்க?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "நான் உக்காந்துகிட்டேதான் தேர்தல்ல ஜெயிச்சேன். உக்காந்துகிட்டேதான் பேசினேன். நீங்களும் உக்காந்துகிட்டே சொல்லியிருக்கலாம். உங்களுக்குக் காலும் நல்லாருக்கு, வாயும் நல்லாருக்கு. நீங்க சொல்லலை, அவ்வளவுதான். அதுக்கு வேற பேரு வைக்காதீங்க."

ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். எழுதுகிறவனுக்கு வேறு என்ன தோன்றும்?

"வேணாம்ணா. எழுதினது போதும். நாளைக்குக் காலையில எதிர்ல வந்து நில்லுங்க. மூடினது தெரியாம இன்னும் எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணுங்க. எண்ணறதுதானே உங்க வேலை?" மறுபடி மிஷின் ஓடத் தொடங்கியது.

ஏழு மணிக்கே போய்விட்டேன். கேட்டில் பூட்டு. உள்ளே தரையில் கார் நிறுத்த வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், ஆனால் அதை எழுதிய பாஷை எனக்கே இரண்டு தடவை படித்தால்தான் புரிந்தது. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு முதியவர் வந்தார், எனக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். பிறகு ஒரு கர்ப்பிணி, அவள் மாமியார், கட்டுப் போட்ட கையோடு ஒருவர். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நோட்டும் பேனாவுமாக நிற்கும் என்னைச் சீட்டுக் கொடுக்கிற ஆள் என்று நினைத்து எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள்.

கைக்குழந்தைக்காரி முன்னால் வந்தாள். குழந்தை முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. "சார், ராத்திரி பூரா தூங்கலை. இவ பேரை முதல்ல எழுதிக்கிறீங்களா? பெரியவரும் சரின்னுட்டாரு."

"இங்க இனிமே டாக்டர் வரமாட்டாரும்மா," என்றேன். "இதை மூடிட்டாங்க."

"மூடிட்டாங்களா? யாரு மூடினது?"

"நான்தாம்மா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் வெளுத்த சட்டையையும் நோட்டையும் பார்த்தாள். பிறகு வரிசையில் இருந்த மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, அவர்களோடு சேர்ந்து லேசாகச் சிரித்தாள்.

"விளையாடாதீங்க சார்," என்றாள். "பேரை எழுதிக்குங்க."